ஒரு நாளைக்கு எத்தனை விநாடி என்று மட்டும் கேட்காதீர்கள்

சாவி கொடுத்து ஓடும் கைக்கடிகாரங்களைத் தேடி வாங்கும் ஆசை என் நண்பர்கள் பலருக்கு அண்மையில் வந்திருக்கிறது. அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி.யைப் போலவே ஒன்று வேண்டும் என்பவர்கள் சிலர். கை அசைவிலேயே முறுக்கேறும் ஜப்பானிய ஆட்டோமேட்டிக் ஒன்றைப் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை என்று தேடுபவர்கள் சிலர். இவர்கள் வாங்குவதற்கு முன்னால் என் கருத்தைக் கேட்டு அனுப்பும் படம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. கையகலத் திரை ஒன்றில் இரண்டு புள்ளிக்கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். அதன் மேல் வரிசையில் “+2” என்று ஓர் எண் இருக்கும். கடிகாரம் நாளுக்கு எத்தனை விநாடி முந்துகிறது, பிந்துகிறது என்று காட்டும் டைம்கிராஃபர் என்னும் கருவியில் விற்பவர் கடிகாரத்தை வைத்து எடுத்த படம் அது. “ஒரு நாளைக்கு ரெண்டே விநாடிதான் கூட ஓடுதாம், வாங்கிரலாமா?” என்பது கேள்வி.

அந்த எண்ணை நான் பொய் என்று சொல்வதில்லை. படம் எடுத்த அந்த நிமிடத்தில், அந்தக் கடிகாரம் படுத்திருந்த நிலையில், அதன் ஸ்பிரிங் முறுக்கேறியிருந்த அளவில், அது உண்மையாகவே அப்படித்தான் ஓடியிருக்கும். ஆனால் ஒரு கடிகாரத்தின் ஓட்டத்தில் மிக எளிதாகத் திருத்தக்கூடியது எதுவோ அதைத்தான் அந்த எண் காட்டுகிறது. எளிதில் திருத்த முடியாதவற்றை எல்லாம் அது காட்டாமல் விட்டுவிடுகிறது. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது வகையை.

முதலில் அளவு பற்றிய ஒரு தெளிவு வேண்டும். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். நாளுக்குப் பத்து விநாடி பிசகும் கடிகாரம் 99.98 விழுக்காட்டுக்கும் மேல் சரியாக ஓடுகிறது என்று பொருள். சக்கரங்களும் சுருள்கம்பியும் எண்ணெயும் மட்டுமே உள்ள ஒரு பொருளுக்கு இது சாதாரணச் சாதனையன்று. அதே நேரத்தில், எங்கள் மதுரையில் பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டிய நடைபாதையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் மாதம் முழுவதற்குமாகவே பதினைந்து, இருபது விநாடிதான் பிசகும். ஆகவே துல்லியம் மட்டும் வேண்டும் என்பவர் இந்த வழிக்கே வர வேண்டியதில்லை. மெக்கானிக்கல் கடிகாரத்தில் நாம் ஓட்டத்தை அளந்து பார்ப்பது, அதன் மெஷின் எவ்வளவு நலமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே.

தயாரிப்பாளர்களே எதை உறுதியளிக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. பல சிறு நிறுவனங்கள் தங்கள் கடிகாரங்களில் போடும் சீக்கோவின் என்.எச்.35 மெஷினுக்கு நாளொன்றுக்கு −20 முதல் +40 விநாடி வரை என்பதே குறிக்கப்பட்ட வரம்பு. சீக்கோவின் 4ஆர்36 மெஷினுக்கு −35 முதல் +45 வரை. நடைமுறையில் இவை இதைவிட மிக நன்றாகவே ஓடும் என்றாலும், புதுக் கடிகாரம் +18 ஓடுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனால் வரம்பு அவர் பக்கம்தான் பேசும்.

மறு எல்லையில் சுவிட்சர்லாந்தின் அதிகாரபூர்வக் காலமானிச் சோதனை நிறுவனமான கோஸ்க் இருக்கிறது. அதன் சான்று பெற்ற கடிகாரம் −4 முதல் +6 விநாடிக்குள் ஓட வேண்டும் என்பது கடிகாரப் பிரியர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தச் சோதனையின் முழு வடிவம் பலருக்குத் தெரிவதில்லை. மெஷினைப் பதினைந்து நாள், ஐந்து நிலைகளில், 8, 23, 38 டிகிரி செல்சியஸ் என்னும் மூன்று வெப்பநிலைகளில் வைத்து, ஏழு அளவுகோல்களில் சோதிக்கிறார்கள். அந்த ஏழில் ஒன்றுதான் நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் சராசரி ஓட்டம். மற்றவற்றைப் பாருங்கள்: ஒரே நிலையில் ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் ஓட்டம் சராசரியாக 2 விநாடிக்கு மேல் மாறக் கூடாது, அந்த மாற்றம் எந்த ஒரு நிலையிலும் 5 விநாடியைத் தாண்டக் கூடாது, படுக்கை நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் உள்ள வேறுபாடு −6 முதல் +8 விநாடிக்குள் அடங்க வேண்டும், எந்த நிலையின் ஓட்டமும் சராசரியிலிருந்து 10 விநாடிக்கு மேல் விலகக் கூடாது, ஒரு டிகிரி வெப்பமாற்றத்துக்கு 0.6 விநாடிக்கு மேல் ஓட்டம் மாறக் கூடாது. சோதனையின் இறுதியில் ஓட்டம் தொடக்க நாள்களின் ஓட்டத்திலிருந்து 5 விநாடிக்கு மேல் நகர்ந்திருக்கக் கூடாது. ஏழில் ஆறு அளவுகோல்கள் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இந்தக் கடிகாரம் மாறாமல் ஓடுகிறதா? கடிகாரத்தைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் சராசரி எண்ணுக்கு ஏழில் ஒரு பங்கு மதிப்புதான் கொடுக்கிறார்கள். விற்பனைப் படத்தில் இருப்பது அந்த ஒரு பங்கு, அதுவும் ஒரே ஒரு நிலையில்.

சராசரி ஓட்டத்தைத் திருத்துவது எவ்வளவு எளிது என்பதை நேரில் பார்த்தவர்களுக்கு நான் இவ்வளவு சொல்லத் தேவையில்லை. டவுன் ஹால் ரோட்டிலிருந்து பிரியும் சந்தொன்றில், கண்ணாடிப் பெட்டி ஒன்றும் மேசை விளக்கு ஒன்றும் முக்காலி ஒன்றும் மட்டுமே கொள்ளும் இடத்தில் அமர்ந்து வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம்தான் நான் என் கடிகாரங்களைக் கொடுப்பது வழக்கம். எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைக்கிறோம். ஒரு நாள் அவர் ஐ கிளாஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஒரு பழைய கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து, ரப்பர் குண்டால் தூசை ஒரு முறை ஊதிவிட்டு, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்தின் வேகத்தை நிர்ணயிக்கும் பேலன்ஸ் வீலின் மேற்பாலத்தில் மெல்லிய எஃகுக் கை ஒன்று இருந்தது. அதன் அருகே வேகம், மெது என்பதைக் குறிக்கும் எஃப், எஸ் என்று இரண்டு எழுத்துகள். டைம்கிராஃபர் +38 என்று காட்டிக்கொண்டிருந்தது. பாய் அந்தக் கையை ட்வீசர் நுனியால் எஸ் பக்கம் மயிரிழை அளவு தொட்டார். திரையில் ஏறுமுகமாக ஓடிய கோடுகள் படுத்துக்கொண்டன. எண் +3 ஆயிற்று.

“இப்ப இது நல்ல வாட்ச் ஆயிருச்சா தம்பி?” என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அவர் கடிகாரத்தை அப்படியே தூக்கிச் சாவி, அதாவது சாவி கொடுக்கும் திருகு, கீழே இருக்கும்படி நிறுத்தினார். கோடுகள் சரசரவென்று கீழே இறங்கத் தொடங்கின. “படுத்தா சரியா ஓடுது, நின்னா மூச்சு வாங்குது. இதப் போட்டோ பிடிக்கிறவன் நிக்க வச்சுப் பிடிப்பானா?” என்றார்.

அந்தச் சிறு கை செய்யும் வேலை இதுதான். பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய சுருள்கம்பியான ஹேர் ஸ்பிரிங்கின் வெளிச்சுற்றை இரண்டு ஊசிகள் அணைத்துப் பிடித்திருக்கும். கையை நகர்த்தினால் ஊசிகள் நகர்ந்து, ஸ்பிரிங்கில் வேலை செய்யும் நீளம் கூடும் அல்லது குறையும். நீளம் குறைந்தால் வேகம் கூடும். நீளம் கூடினால் வேகம் குறையும். காய்ந்த எண்ணெய், தேய்ந்த அச்சு, தளர்ந்த மெயின் ஸ்பிரிங் (சாவி கொடுக்கும்போது முறுக்கேறுவது) ஆகிய எதையும் தொடாமலேயே எந்தக் கடிகாரத்தையும் ஒரு நிலையில் பூஜ்யத்துக்கு அருகே கொண்டுவந்துவிட இது போதும். நோயைத் தொடாமல் காய்ச்சலை மட்டும் இறக்கிவிட்டு ஆளைக் காட்டுகிற வேலை இது.

அப்படியானால் டைம்கிராஃபரில் எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது வீச்சை. பேலன்ஸ் வீல் தன் ஓய்வு நிலையிலிருந்து ஒரு பக்கம் எத்தனை டிகிரி சுழன்று திரும்புகிறது என்பதே வீச்சு. முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்கப் படுக்க வைத்தால், நலமாக உள்ள மெஷினில் அது 270 முதல் 310 டிகிரி வரை இருக்கும். பல பத்தாண்டுகள் கைகளில் இருந்த எச்.எம்.டி. ஒன்றில் 250 வந்தாலே நான் நிறைவடைந்துவிடுவேன். 200க்குக் கீழே என்றால், திரையில் ஓட்டம் என்ன காட்டினாலும் சரி, அந்தக் கடிகாரம் முழுச் சர்வீஸுக்காகக் காத்திருக்கிறது என்று கொள்ளலாம். எதிர்ப்பக்கத்திலும் எல்லை உண்டு: 330ஐத் தாண்டிப் போனால் பேலன்ஸ் தன் தடுப்பின் பின்புறத்தில் முட்டத் தொடங்கி, கடிகாரம் தாறுமாறாக வேகமெடுக்கும். ஆனால் பழைய கடிகாரச் சந்தையில் அந்தப் பிரச்சினை அரிதானது.

வீச்சு என்ற எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கருவி பேலன்ஸைக் கண்ணால் பார்ப்பதில்லை, ஓசையைக் கேட்கிறது. நம் காதுக்கு ஒரே “டிக்” என்று விழுவது உண்மையில் அடுத்தடுத்த மூன்று சிறு தட்டல்கள். முதல் தட்டலுக்கும் மூன்றாவது தட்டலுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு கருவி வீச்சைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்குக்கு, அந்த நேரத்தில் பேலன்ஸ் சுழலும் லிஃப்ட் ஆங்கிள் என்னும் கோணம் தேவை. அது மெஷினுக்கு மெஷின் மாறும். கருவியில் பொதுவாக 52 டிகிரி என்று வைத்திருப்பார்கள். உண்மையில் 48 உள்ள மெஷினை 52 என்று வைத்து அளந்தால், 250 டிகிரி வீச்சு ஏறக்குறைய 270 என்று திரையில் அழகாகத் தெரியும். ஓட்டத்தின் எண் இதனால் மாறாது. வீச்சின் எண் மட்டும் ஊதிப்போகும். படத்தில் அந்தக் கோணம் எவ்வளவு என்று வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் ஒரு கண் பார்த்துக்கொள்வது இதனால்தான்.

பீட் எரர் என்று மில்லி விநாடியில் காட்டும் எண்ணுக்கு அவ்வளவு கவலைப்பட வேண்டாம். “டிக்”குக்கும் “டாக்”குக்கும் உள்ள இடைவெளி சமமாக இல்லை என்பதையே அது சொல்கிறது. திரையில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள அகலமாக அது தெரியும். 0.6க்குள் இருந்தால் நல்லது. 1க்கு மேல் என்றால் சரிசெய்யச் சொல்லலாம். கோடுகள் நெளிந்து நெளிந்து போனாலோ, புள்ளிகள் மழைச்சாரல் போலச் சிதறினாலோ அது வேறு விஷயம்; சக்கரத்தில் அழுக்கோ தேய்மானமோ காந்தமோ இருக்கக்கூடும்.

இனி நிலைகள். என் அனுபவத்தில் வாங்குபவருக்கு மிக அதிகம் சொல்லிக்கொடுப்பது இதுதான், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். கடிகாரம் படுத்திருக்கும்போது பேலன்ஸின் அச்சு தன் கூர்நுனியின் மேல் நிற்கிறது. உராய்வு மிகக் குறைவு. கடிகாரத்தை நிமிர்த்தி நிறுத்தினால் அச்சின் இரண்டு முனைகளும் பக்கவாட்டில் அவற்றைத் தாங்கும் சிறு கற்களின் மேல் சாய்ந்து உருள்கின்றன; உராய்வு கூடுகிறது, வீச்சு 20 முதல் 40 டிகிரி வரை குறைவது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் அச்சு தேய்ந்திருக்கலாம், எண்ணெய் காய்ந்திருக்கலாம். இத்துடன், பேலன்ஸ் வீலின் ஒரு பக்கம் நூலிழை கனமாக இருந்தாலும் நிற்கும் நிலையில் புவியீர்ப்பு அந்தக் கனத்தை இழுத்து ஓட்டத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

பாயின் மேசையில் ஒரே மாலையில் அடுத்தடுத்து அளந்து பார்த்த இரண்டு எச்.எம்.டி.களின் கணக்கைச் சொல்கிறேன். இரண்டும் 17 கல், விநாடிக்கு ஐந்து “டிக்”, அதாவது மணிக்கு 18,000. முதலாவது, டயல் மேலே +4, டயல் கீழே +7, சாவி மேலே +16, சாவி இடப்பக்கம் −12, சாவி கீழே −23. இரண்டாவது, அதே வரிசையில் +21, +19, +14, +12, +17. விற்பவர் படம் பிடித்துப் போட்டால் முதலாவது “+4”, இரண்டாவது “+21”. யாரும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். ஆனால் முதலாவதில் மிக வேகமான நிலைக்கும் மிக மெதுவான நிலைக்கும் 39 விநாடி இடைவெளி, இரண்டாவதில் 9. நான் இரண்டாவதை எடுத்தேன். பாய் எஃகுக் கையை ஒரு தொடு தொட்டு ஐந்து எண்களையும் ஒரே அளவு கீழிறக்கினார். எல்லாம் −2க்கும் +7க்கும் நடுவே வந்து நின்றன. முதலாவதை எத்தனை முறை தொட்டாலும் அந்த 39 அப்படியே இருக்கும். கையைத் தொங்கவிட்டு நடக்கும் நாளில் ஒரு நேரம், மேசையில் கிடக்கும் நாளில் வேறு நேரம் என்று அது கட்டியவரின் பழக்கத்துக்கேற்ப ஆடிக்கொண்டிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேலன்ஸின் ஒருபக்கக் கனம் ஓட்டத்தைப் பாதிப்பது வீச்சைப் பொறுத்தது. ஏறத்தாழ 220 டிகிரி வீச்சில் அந்தப் பாதிப்பு மறைந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு திசையிலும் கீழே எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. ஆகவே வீச்சு குன்றி, நிற்கும் நிலைகளில் எல்லாம் 220ஐ ஒட்டி ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சோம்பேறிக் கடிகாரம், நிலைகளுக்கிடையே அழகான ஒற்றுமையைக் காட்டி ஏமாற்றக்கூடும். நிலை வேறுபாட்டையும் வீச்சையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எல்லோரிடமும் டைம்கிராஃபர் இருக்காது. கடையில் நமக்குக் கிடைப்பதும் இருபது நிமிடம்தான். நாளுக்குப் பதினைந்து விநாடி பிசகும் கடிகாரம் இருபது நிமிடத்தில் பிசகுவது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணால் பிடிக்க முடியாது. ஆகவே கடையில் நின்றுகொண்டு போனின் நேரத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அந்த இருபது நிமிடத்தை வேறு வேலைகளுக்குச் செலவிடலாம்.

நின்றுபோயிருக்கும் கடிகாரத்தைக் கையில் வாங்கி, ஆட்டாமல் குலுக்காமல், சாவியை மெதுவாகச் சில சுற்று கொடுங்கள். நல்ல நிலையில் உள்ள கைச்சாவிக் கடிகாரம் தானாகவே ஓடத் தொடங்கிவிட வேண்டும். தட்டினால்தான் கிளம்புகிறது என்றால் பீட் எரர் மிகுந்திருக்கிறது அல்லது உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது. அடுத்து, காதோடு வைத்து ஒவ்வொரு நிலையிலும் கேளுங்கள். டவுன் ஹால் ரோட்டு ஆரன் சத்தத்தில் இது எளிதன்று. கடைக்குள் ஒதுங்கி நின்று கேட்கலாம். படுக்க வைத்தபோது கணீரென்றும் நிறுத்தியபோது அமுங்கியும் கேட்டால் வீச்சு விழுகிறது என்று சந்தேகப்படலாம். கடைக்காரர் பின்மூடியைத் திறக்கச் சம்மதித்தால், போனில் மெதுவியக்க வீடியோ எடுத்து, பேலன்ஸின் கை எதுவரை சுழன்று திரும்புகிறது என்று ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பார்க்கலாம். கருவி இல்லாமல் வீச்சை ஓரளவு அறிய எனக்குத் தெரிந்த நேர்மையான வழி இது. காசு கொடுத்து வாங்குகிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில் தவறில்லை; திறக்கவே விடமாட்டேன் என்பவரிடம் பழைய கடிகாரம் வாங்குவதை நான் தவிர்த்துவிடுகிறேன்.

காந்தத்தையும் கடையிலேயே பார்த்துவிடலாம். போனில் திசைகாட்டிச் செயலியைத் திறந்து, கடிகாரத்தை அதன் மேல் மெதுவாக நகர்த்துங்கள். முள் துள்ளினால் உள்ளே காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. காந்தமேறிய ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் நீளம் குறைந்தது போலாகி, கடிகாரம் நாளுக்கு நிமிடக் கணக்கில் முந்தி ஓடும். உசிலம்பட்டிப் பக்கத்தில் மைக் செட் வைத்து நடத்தும் ஒருவருடைய கடிகாரம் பாயிடம் இப்படி வந்தது. திருவிழாவுக்குத் திருவிழா குழாய் ஸ்பீக்கர்களைத் தோளில் தூக்கிக் கட்டுகிறவர். ஒவ்வொரு ஸ்பீக்கரின் பின்னாலும் பெரிய காந்தம். காந்தம் நீக்கும் சிறு பெட்டியின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தி மெல்லத் தூக்கி எடுத்ததும் கடிகாரம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. இது இவ்வளவு எளிதாகத் தீரும் குறை என்பதால், காந்தமேறிய கடிகாரத்தைக் கண்டு பயந்து ஓட வேண்டியதில்லை. நிமிடக் கணக்கில் முந்துகிறது என்று சொல்லி மலிவாக விற்கிறார்களென்றால் எனக்கு ஆர்வம் கூடத்தான் செய்யும்.

கடைக்காரர் தெரிந்தவராக இருந்து, “கொண்டுபோய் ஓட்டிப் பாருங்க, நாளைக்கு வந்து சொல்லுங்க” என்று கொடுத்துவிட்டால் உண்மையான சோதனை வீட்டில் தொடங்குகிறது. முழுச் சாவி கொடுத்துவிட்டு, விநாடி முள் 12ஐத் தொடும் கணத்தில் போன் காட்டும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போன் நேரம் தானியங்கி அமைப்பில் இருக்கட்டும்; இரண்டு முறையும் அதே போனைப் பயன்படுத்துங்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பிறகு மீண்டும் குறித்தால், ஒரு விநாடி தவறாகப் படித்தாலும் பரவாயில்லை. ஆனால் அதைவிட முக்கியம், நடுவில் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு முறை குறித்துக்கொள்வது. சாவி கொடுத்த புதிதில் மெயின் ஸ்பிரிங் முழு வலுவோடு தள்ளும். மறுநாள் அந்த வலு குறைந்து வீச்சும் குறையும். முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் நான்கு விநாடி முந்திவிட்டு அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு விநாடி பிந்தும் கடிகாரமும், நாள் முழுவதும் சீராக எட்டு விநாடி பிந்தும் கடிகாரமும் கணக்கில் ஒன்றுதான், வாங்குவதற்கு ஒன்றல்ல.

போனிலேயே டைம்கிராஃபர் செயலிகள் இருக்கின்றன. கடிகாரத்தை இயர்போனின் மைக்கோடு ஒட்டவைத்து, துண்டில் சுற்றி, வீடு அடங்கிய பிறகு அளந்தால் ஓட்டத்தை ஓரளவு நம்பலாம்; வீச்சை அவ்வளவு நம்ப முடியாது. மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும் என்பது மதுரைச் சித்திரையில் சிறிய தியாகமன்று.

ஆட்டோமேட்டிக் கடிகாரங்களில் ஒரு கூடுதல் கவனம் தேவை. கடைக் கண்ணாடிக்குள் கிடந்ததை எடுத்து இரண்டு குலுக்குக் குலுக்கி அளந்தால், அரைகுறை முறுக்கில் வீச்சு குறைவாகத்தான் தெரியும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. 4ஆர்36, என்.எச்.35 போன்றவற்றில் சாவியாலேயே முறுக்கேற்றலாம். பழைய சீக்கோ 5களில் பரவலாக உள்ள 7எஸ்26க்குக் கைச்சாவி கிடையாது, விநாடி முள்ளை நிறுத்தி நேரம் வைக்கவும் முடியாது. கையில் கட்டிக்கொண்டு ஒரு நாள் நடந்த பிறகே அளக்க வேண்டும்.

வெப்பம் பற்றியும் நம் ஊர்க்காரர்கள் கேட்பதுண்டு. பழைய காலத்து எஃகு ஹேர் ஸ்பிரிங் வெப்பத்தில் தளர்ந்து, ஒரு டிகிரிக்கே நாளுக்குப் பத்து விநாடிக்கு மேல் பிந்தும். வெப்பத்துக்கு அசையாத உலோகக் கலவைகளைக் கண்டறிந்த சார்லஸ் எடுவார்ட் குய்யோமுக்கு 1920இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது; அந்த வழியில் வந்த கலவைகளாலான ஸ்பிரிங்குகளே இன்றைய கடிகாரங்களில் இருக்கின்றன. சுவிஸ் சோதனையின் மேல் எல்லையான 38 டிகிரியை மதுரை கோடையில் தாண்டிவிடுகிறது என்றாலும், கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தின் வெப்பநிலையை உடம்பே ஓரளவு சமன்செய்துவிடும். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் கழற்றி வைக்காதவரை இது பெரிய விஷயமன்று.

இணையத்தில் வாங்குபவர்களுக்குக் கடையும் இல்லை, காதும் இல்லை. விற்பவரிடம் படத்துக்குப் பதிலாக வீடியோ கேளுங்கள்: முழுச் சாவியில் டயல் மேலே அரை நிமிடம், அப்படியே தூக்கிச் சாவி கீழே அரை நிமிடம், மறுநாள் சாவி கொடுக்காமல் மீண்டும் டயல் மேலே அரை நிமிடம். ஓட்டம், வீச்சு, லிஃப்ட் ஆங்கிள் மூன்றும் திரையில் தெரிய வேண்டும். கருவி வைத்திருப்பவருக்கு இது பெரிய வேலையன்று. மறுநாள் வீடியோவுக்கு மட்டும் பலர் மழுப்புவார்கள். “சர்வீஸ் ஆனது” என்ற வாசகத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மெஷினைப் பிரிக்காமலே பெட்ரோலில் அலசி, மேலாக எண்ணெய் தொட்டு வைப்பதும் சர்வீஸ் என்ற பெயரில்தான் நடக்கிறது. அப்படிச் செய்த கடிகாரம் சில மாதங்கள் துள்ளி ஓடிவிட்டு மறுபடி படுத்துவிடும். புத்தம்புதிதாகப் பளபளக்கும் டயலோடு வரும் பழைய எச்.எம்.டி.களில் டயல் மறுபூச்சாக இருப்பது மிகச் சாதாரணம். அது ஓட்டத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் டயலுக்கு அவ்வளவு செலவழித்தவர் மெஷினுக்கு எவ்வளவு செலவழித்தார் என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

விலை பேசுவதும் இந்த அளவுகளைக் கொண்டுதான். நாளுக்குப் பதினைந்து விநாடி முந்துகிறது என்று காரணம் காட்டி விலையைக் குறைக்கச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். அதைச் சரிசெய்யப் பாய் காசே வாங்குவதில்லை. நிலைகளுக்கிடையே வேறுபாடு பெரிதாக இருந்தால் முழுச் சர்வீஸ் கூலியைக் கழித்துக் கேட்கிறேன். சர்வீஸ் செய்தும் அந்த வேறுபாடு போகாமல் பேலன்ஸ் அச்சையே மாற்ற வேண்டி வரலாம் என்பதால், அதே மெஷினுக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்று விலை பேசுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்கிறேன். 1961இல் சிட்டிசன் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016இல் முடிவாகிவிட்டதால், இனி புது உதிரிபாகம் வரப்போவதில்லை. ஓடாத இன்னொரு கடிகாரத்தைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். பாயின் மேசை இழுப்பறையில் அப்படிப்பட்ட ஓடாத மெஷின்கள் பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்கியிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் விலை என்ன என்பதையும் சர்வீஸ் கூலியோடு கூட்டிக் கழித்த பிறகு வரும் தொகையைத்தான் விற்பவரிடம் சொல்கிறேன்.